மின்சாரத்துக்கு மாற்றிய பக்கி கார் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

மோட்டார் மாட்டியாகிவிட்டது, பேட்டரிப் பெட்டியும் உட்கார்ந்துவிட்டது, வயரிங் முடிந்தது. ஆனால் சாவியைத் திருப்பினால் வண்டி அசையவில்லை. அல்லது அசைந்து, இரண்டு தெரு தாண்டியதும் நின்றுவிடுகிறது. அல்லது அருமையாக ஓடுகிறது, சாலைப் பதிவுக்கான ஆய்வில் மட்டும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இதில் எந்த நிலையில் நீங்கள் இருந்தாலும் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: மோட்டாரையும் அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலரையும் சந்தேகப்படுவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நான் கை வைத்த பக்கிகளில் பெரும்பாலான கோளாறு விளக்கு, ஹாரன் ஓடும் 12 வோல்ட் பக்கத்திலும், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் வயரிலும், ஏதோ ஒரு கனெக்டரிலும்தான் இருந்தது. காசு போட்டுப் பாகத்தை மாற்றுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்து அளந்துவிடுங்கள்.

பக்கி என்று இங்கே நான் சொல்வது பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் சேசிஸ் மேல் ஃபைபர் கிளாஸ் உடலை உட்காரவைத்த வகையை. புரூஸ் மேயர்ஸ் 1964ல் மேங்க்ஸ் என்ற பக்கியில் முதலாவதைச் செய்தார்; பின்னால் வந்த மேங்க்ஸ்களுக்குப் பீட்டிலின் தரைச்சட்டத்தைச் சுமார் 36 செ.மீ. வெட்டிக் குறுக்கினார்கள், மற்ற பக்கிகளும் அதே வழியில் வந்தன. இந்த வரலாறு எதற்கென்றால், உலோகம் இல்லாத உடல், குட்டையான சேசிஸ், மேலே திறந்த அமைப்பு என்ற இந்த மூன்றும்தான் கீழே வரும் பாதிக் கோளாறுகளுக்கு வேர். சாதாரணக் காரை மின்சாரத்துக்கு மாற்றியவர்கள் சொல்லும் அறிவுரை இங்கே பல இடங்களில் பொருந்தாமல் போவதும் இதனால்தான்.

கை வைக்கும் முன்

60 வோல்ட் டிசிக்கு மேல் போனால் அது உயர் மின்னழுத்தம், மின்வாகனப் பாதுகாப்புக்கான ஐ.நா.வின் ஆர் 100 விதியும் அந்தக் கோட்டில்தான் பிரிக்கிறது. உங்கள் பேக் (மோட்டாரை ஓட்டும் பேட்டரித் தொகுதி) 100 வோல்ட்டைத் தாண்டினால் தவறுக்கு இடமே கிடையாது. பேக்கைத் துண்டிக்கும் செருகியான சர்வீஸ் டிஸ்கனெக்ட்டைப் பிடுங்கி, அதைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்து மேசையில் வைக்காதீர்கள், யாராவது உதவி செய்கிறேன் என்று திரும்பச் செருகிவிடுவார்கள். கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெபாசிட்டர் கொஞ்ச நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்; சில நிமிடம் விட்டு, அதன் முனைகளில் அளந்து பார்த்து, 0க்குப் பக்கத்தில் வந்த பிறகு தொடுங்கள். பேக்கின் உள்ளே செல்களுக்கு நடுவே வேலை செய்யும்போது டிஸ்கனெக்ட் பிடுங்கியிருந்தாலும் செல்களில் மின்சாரம் அப்படியே இருக்கிறது, அதற்குக் கையுறை, காப்பிட்ட ஸ்பேனர் இரண்டும் வேண்டும், மோதிரம் கடிகாரம் எதுவும் கையில் இருக்கக் கூடாது. மின்சார வேலையில் பழக்கமில்லை என்றால் உயர் மின்னழுத்தப் பகுதியைத் தெரிந்தவரிடம் விடுங்கள். 12 வோல்ட் பக்கம் முழுவதையும் நீங்களே பார்க்கலாம், பிழையும் பெரும்பாலும் அங்கேதான்.

அப்புறம், சோதனை எல்லாமே பின்சக்கரம் தரையைத் தொடாதபடி ஸ்டாண்டில் ஏற்றி வைத்துத்தான். ஜாக்கி மட்டும் போதாது. கன்ட்ரோலரில் கரன்ட் வரம்பைச் சோதனை முடியும் வரை 10, 20 சதவீதத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மினுக்குகிறது

ஓடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தோன்றும், ஆனால் இதையே முதலில் வைக்கிறேன். இந்த அறிகுறி தெரிந்தால் உங்கள் வண்டியில் எர்த் சரியில்லை என்று அர்த்தம், எர்த் சரியில்லாத வண்டியில் மற்ற எந்தப் பிழையையும் நம்பிப் பிடிக்க முடியாது.

இரும்பு உடல் கொண்ட காரில் விளக்கின் ஒரு முனைக்கு வயர் வரும், மறுமுனை உடலைத் தொட்டாலே சுற்று முடிந்துவிடும். ஃபைபர் கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது. பின்விளக்கை ஃபைபரில் ஸ்க்ரூ போட்டு முடுக்கினால் அந்த ஸ்க்ரூ எங்கேயும் போய்ச் சேரவில்லை. திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பல்பின் இழை வழியாக எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டு போகும், அதனால்தான் ஒன்றை எரித்தால் இன்னொன்று மங்கலாக எரிகிறது, பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் ஒளிர்கிறது.

அளப்பது சுலபம். விளக்கை எரியவிட்டு, மீட்டரின் கறுப்பு முனையை 12 வோல்ட் பேட்டரியின் மைனஸிலும் சிவப்பு முனையை விளக்கின் எர்த் முனையிலும் வையுங்கள். 0.1, 0.2 வோல்ட் என்றால் நல்லது. 1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் வழியில் எங்கோ துரு, தளர்வு, அல்லது வயரே இல்லை. 1, 1.5 வோல்ட் இழப்பு சின்ன விஷயமாகத் தெரியலாம். 12 வோல்ட்டுக்குப் பதில் 10.5 வோல்ட் போய்ச் சேரும் ஹாலஜன் ஹெட்லைட் தன் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். ஆய்வாளர் வெளிச்சத்தை அளக்கும்போது பல்பு புதிதா பழையதா என்பது கணக்கில் வராது.

சரி செய்யும் முறை: முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு எர்த் கட்டைகளை ஃபைபரில் பொருத்தி, ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுத்து அதில் சேருங்கள். அந்தக் கட்டை ஒவ்வொன்றிலிருந்தும் தடித்த வயர் ஒன்று சேசிஸில் பெயின்ட் சுரண்டிய இடத்துக்கு, அங்கிருந்து 12 வோல்ட் பேட்டரி மைனஸுக்கு. ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்கு எர்த்தைத் தாவித் தாவிக் கொண்டுபோகாதீர்கள், முதல் இணைப்பு தளர்ந்தால் பின்னால் இருக்கும் எல்லாம் சேர்ந்து போகும்.

எல்இடி விளக்குக்கு மாறியிருந்தால் இன்னொன்று வரும்: இண்டிகேட்டர் படபடவென்று வேகமாக மினுக்கும், அல்லது மினுக்காமல் எரிந்தபடி நிற்கும். பழைய ஃபிளாஷர் ரிலே 21 வாட் பல்பு இழுக்கும் கரன்ட்டை எதிர்பார்க்கிறது, எல்இடி அவ்வளவு இழுக்காது. எலக்ட்ரானிக் ஃபிளாஷர் போட்டால் தீரும். நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் மினுக்க வேண்டும் என்பது பரவலான விதி, கடிகாரம் வைத்து எண்ணிப் பாருங்கள்.

சாவி திருப்பினால் எதுவுமே நடக்கவில்லை

12 வோல்ட் பேட்டரியை அளங்கள். ஓய்வில் 12.2க்குக் கீழே இருந்தால் அது பாதி காலி, 12க்குக் கீழே இருந்தால் வேறு எதையும் தேடாமல் முதலில் சார்ஜ் போடுங்கள். பெட்ரோல் எஞ்சினில் டைனமோ செய்த வேலையை இப்போது டிசி-டிசி கன்வர்ட்டர் செய்கிறது, அது ஓடும்போது பேட்டரி முனையில் 13.5 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஓடும்போதும் 12.3தான் என்றால் கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை. அநேகமாக அதை இயங்கச் சொல்லும் எனேபிள் வயருக்கு 12 வோல்ட் போகவில்லை.

பேட்டரி நன்றாக இருந்தால் வரிசையாக: முதன்மை ஃபியூஸ், அவசர நிறுத்தப் பொத்தான், மோதல் ஸ்விட்ச். இந்த மோதல் ஸ்விட்ச் பக்கியில் அடிக்கடி ஏமாற்றும், பள்ளத்தில் ஒரு குதி குதித்தால் போதும், அது தட்டிவிட்டுச் சும்மா இருக்கும். அதன் தலையை அழுத்தி மீட்டுவிட்டு, சஸ்பென்ஷனின் அடி நேராகப் படாத இடத்துக்கு அதை மாற்றுங்கள். பிடுங்கி எறிந்துவிட்டு வயரை நேரடியாக இணைப்பது கூடவே கூடாது, மோதும்போது பேக்கைத் துண்டிக்க இருக்கும் ஒரே பொருள் அது.

"டக்" என்று ஒரு சத்தம், அப்புறம் ப்ரீசார்ஜ் பிழை

கன்ட்ரோலரின் உள்ளே பெரிய கெபாசிட்டர்கள் இருக்கின்றன. காலியாக இருக்கும் அவற்றின் மேல் பேக்கை நேரடியாக இணைத்தால் ஒரு கணம் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், பேக்கை இணைக்கும் பெரிய ரிலேயான கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாக மெதுவாக நிரப்பி, பேக் வோல்ட்டில் 90, 95 சதவீதம் வந்ததும் முதன்மைக் கான்டாக்டரை மூடுகிறோம். குறித்த நேரத்துக்குள் அந்த அளவை எட்டாவிட்டால் கன்ட்ரோலர் கைவிட்டுவிடும்.

கணக்கு இப்படி. 500 ஓம் ரெசிஸ்டர், 2000 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் என்றால் இரண்டையும் பெருக்க 1 நொடி. அதைப்போல் மூன்று மடங்கு நேரத்தில் 95 சதவீதம் நிரம்பும், ஐந்து மடங்கில் 99. ஆக 3 முதல் 5 நொடியில் முடிய வேண்டும். உங்கள் கன்ட்ரோலரில் காத்திருக்கும் நேரம் 2 நொடி என்று வைத்திருந்தால் பாகம் எதுவும் கெடவில்லை, நேரத்தைக் கூட்டினால் போதும்.

ஆனால் நான் அதிகம் பார்த்த காரணம் வேறு. டிசி-டிசி கன்வர்ட்டரையோ ஹீட்டரையோ கான்டாக்டருக்குப் பின்னால், கன்ட்ரோலர் பக்கத்தில் இணைத்திருப்பார்கள். வோல்ட் ஏற ஏற, ஒரு கட்டத்தில் கன்வர்ட்டர் விழித்துக்கொண்டு இழுக்க ஆரம்பிக்கும். அது வெறும் 0.2 ஆம்பியர் இழுத்தாலே 500 ஓம் ரெசிஸ்டரில் 100 வோல்ட் விழுந்துவிடும், கெபாசிட்டர் எப்படி நிரம்பும்? மீட்டரைக் கன்ட்ரோலரின் பிளஸ் மைனஸ் முனைகளில் வைத்துச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். 60, 70 வரை சரசரவென்று ஏறி அங்கேயே ஊசலாடினால் இதுதான் காரணம். கன்வர்ட்டரின் எனேபிள் வயரைப் ப்ரீசார்ஜ் முடிந்த பிறகு மட்டும் உயிர் பெறும்படி மாற்றுங்கள்.

வோல்ட் 0விலேயே நின்றால் ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம், ப்ரீசார்ஜ் ரிலே மூடாமல் இருக்கலாம். இணைப்பைக் கழற்றி ரெசிஸ்டரை ஓம் அளவில் பாருங்கள். நேர்மாறாக, சாவி போடும் முன்பே கன்ட்ரோலரில் பேக் வோல்ட் முழுவதும் இருந்தால் நிறுத்துங்கள், முதன்மைக் கான்டாக்டர் ஒட்டிக்கொண்டுவிட்டது. தட்டிப் பிரித்து மறுபடி பயன்படுத்தாதீர்கள், புதிதாக மாற்ற வேண்டும். ஏன் ஒட்டியது என்பதையும் கண்டுபிடிக்காவிட்டால் புதியதும் ஒட்டும்.

கான்டாக்டர் பிடித்தாகிவிட்டது, பெடலை மிதித்தால் நகரவில்லை

பெரும்பாலும் இது கன்ட்ரோலர் வேண்டுமென்றே செய்வது. சாவி போடும்போது பெடல் கொஞ்சம் அழுந்தியிருந்தால் வண்டி பாய்ந்துவிடும் என்று அது ஓட மறுக்கும். பக்கியில் பீட்டிலின் பழைய ஆக்ஸிலரேட்டர் கேபிளையே நடு சுரங்கம் வழியாக இழுத்துப் பின்னால், பெடல் நகர்வை மின்னளவாக மாற்றும் ஒரு பொட்டென்ஷியோமீட்டரில் மாட்டுவது வழக்கம். சேசிஸைக் குறுக்கியபின் கேபிள் நீளமாகி எங்கோ வளைந்து நிற்கும், முழுதாகத் திரும்பாது. இரண்டு ரிட்டர்ன் ஸ்பிரிங் போடுங்கள், ஒன்று அறுந்தாலும் இன்னொன்று இழுக்க வேண்டும். முடிந்தால் கேபிளையே விட்டுவிட்டு, காந்தத்தால் நகர்வை அளக்கும் ஹால் சென்சார் பெடலுக்கு மாறிவிடுங்கள்.

ஹால் பெடல் என்றால் சிக்னல் வயரை அளங்கள்: காலை எடுத்தால் சுமார் 0.5 வோல்ட், முழுதாக மிதித்தால் 4.5 பக்கம், நடுவில் தடையில்லாமல் ஏற வேண்டும். இரண்டு தடம் உள்ள பெடலில் ஒன்று மற்றதன் பாதி போல் வரும், அந்த விகிதம் பிசகினால் கன்ட்ரோலர் பிழை என்று எடுத்துக்கொள்ளும். பெடலின் மைனஸை எக்காரணம் கொண்டும் சேசிஸில் சேர்க்காதீர்கள். கன்ட்ரோலர் தரும் தனி மைனஸ் முனைக்கே கொண்டுபோங்கள். சேசிஸில் சேர்த்தால் ஹெட்லைட் போட்டதும் பெடல் அளவு நகரும், ஹாரன் அடித்தால் வண்டி துடிக்கும்.

இதெல்லாம் சரியென்றால் முன், பின் தேர்வு ஸ்விட்ச் இரண்டு சிக்னலையும் ஒரே நேரத்தில் தருகிறதா, பிரேக் ஸ்விட்ச் எப்போதும் மிதித்ததுபோல் காட்டுகிறதா, சார்ஜ் வாசல் "வயர் செருகியிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நகரும்போது உதறல், அல்லது தட்டும் சத்தம்

உதறல் மின்சாரமா இயந்திரமா என்று பிரிக்க, கியரை நியூட்ரலில் வைத்து மோட்டாரை மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். அப்போதும் உதறினால் மின்சாரம். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றியதென்று யாராவது மூன்று ஃபேஸ் வயரில் இரண்டை மாற்றிப் போட்டு, மோட்டார் தண்டின் நிலையைச் சொல்லும் என்கோடரின் திசையை மாற்றாமல் விட்டிருந்தால் மோட்டார் ஓரிடத்திலேயே நின்று நடுங்கும், கரன்ட் மட்டும் எக்கச்சக்கமாக ஏறும். உடனே காலை எடுத்துவிடுங்கள். திசையைக் கன்ட்ரோலர் அமைப்பில் மாற்றுவதே முறை, வயரைத் தொட வேண்டாம். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உதறினால் என்கோடர் வயர் ஃபேஸ் கேபிளோடு ஒட்டி ஓடுகிறதா பாருங்கள். தள்ளி எடுத்துப் போங்கள், அதன் மேலுறைக் கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

நியூட்ரலில் சத்தமில்லாமல் ஓடி, கியரில் போட்டதும் தட்டினால் இயந்திரப் பக்கம். மோட்டார் தண்டையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கப்ளிங்கில் சாவித்துண்டு தேய்ந்திருக்கலாம், அடாப்டர் தகடு நடு தவறியிருக்கலாம். இன்னொன்று, பழைய கியர்பாக்ஸின் ரப்பர் மவுன்ட். பெட்ரோல் எஞ்சினில் அது ஒரு பக்கம் மட்டும் இழுபட்டுப் பழகியது, மோட்டாரே பிரேக் போல் இழுத்துப் பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பும் ரீஜென் வந்தபின் காலை எடுக்கும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் இழுபடுகிறது. நாற்பது வருட ரப்பர் தாங்காது. மவுன்டுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள், விரிசல் வாயைத் திறந்து காட்டும்.

மழைக்குப் பிறகு இன்சுலேஷன் பிழை

திறந்த வண்டி, அடியில் தட்டு இல்லை, சக்கரம் சேற்றை நேராக மேலே அடிக்கிறது. பேக்குக்கும் சேசிஸுக்கும் நடுவே எங்கோ ஈரம் பாலம் போட்டுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே ஆர் 100 கேட்கும் எதிர்ப்பு, டிசி சுற்று மட்டும் என்றால் ஒரு வோல்ட்டுக்கு 100 ஓம், ஏசி மோட்டார் சுற்றும் சேர்ந்திருந்தால் 500 ஓம். 119 வோல்ட் பேக்குக்கு இரண்டாவது கணக்கில் சுமார் 60 கிலோ ஓம். அதற்குக் கீழே போனால் ஓட்டக் கூடாது. ஒரு கசிவு மட்டும் இருக்கும்வரை எதுவும் நடக்காது போல் தோன்றும், இரண்டாவது கசிவு உங்கள் கை வழியாக வந்தால் அதுதான் அடி.

கசிவு எங்கே என்று பேக்கைப் பிரிக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. 36 எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல், ஒவ்வொன்றும் 3.3 வோல்ட், மொத்தம் 118.8 என்று வைத்துக்கொள்வோம். கையுறையோடு, மீட்டரின் ஒரு முனையைச் சேசிஸிலும் மறுமுனையைப் பேக்கின் மைனஸிலும் வைத்துப் படியுங்கள். அப்புறம் பேக்கின் பிளஸில். நல்ல பேக்கில் இரண்டும் கொஞ்சம் காட்டிவிட்டு 0 பக்கம் இறங்கும். கசிவு இருந்தால் இரண்டும் நிலையாக நிற்கும். மைனஸ் பக்கம் 46.2, பிளஸ் பக்கம் 72.6 என்று வந்தால், 46.2ஐ 3.3ஆல் வகுக்க 14. மைனஸிலிருந்து எண்ணினால் 14ஆம் செல்லுக்கும் 15ஆம் செல்லுக்கும் நடுவே உள்ள பஸ்பார்தான் (செல்களை இணைக்கும் உலோகத் தகடு) சேசிஸைத் தொடுகிறது, அல்லது அங்கே ஈரம். நேராக அந்த இடத்தைத் திறங்கள். ஒரு வண்டியில் இப்படி எண்ணிப் போய்ப் பார்த்தபோது, செல்லைப் பெட்டியோடு இறுக்கும் இரும்புப் பட்டையின் ஓரம் பஸ்பார் மூடியை அறுத்து உள்ளே போயிருந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் மூடியில் நகத்தளவு கறுப்புக் கீறல், அதன் மேல் ஒரு நீர்த்துளி. அவ்வளவுதான்.

டிஜிட்டல் மீட்டர் பெரும்பாலும் 10 மெகா ஓம் உள்ளெதிர்ப்பு கொண்டது, அதனால் சின்னக் கசிவையும் பெரிதாகக் காட்டும். கசிவு எவ்வளவு மோசம் என்று தெரிய, மீட்டர் முனைகளுக்குக் குறுக்கே 100 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டரைச் சேர்த்து மறுபடி இரண்டு பக்கமும் படியுங்கள். இரண்டின் கூட்டுத்தொகை பேக் வோல்ட்டில் பாதிக்கு இறங்கினால் கசிவு சுமார் 100 கிலோ ஓம், விதிக்கு உள்ளேதான். அதிகம் இறங்காமல் முழு வோல்ட் பக்கத்திலேயே நின்றால் அது நேரடித் தொடுதலுக்குச் சமம்.

கணக்கில் 0ஆம் செல், 36ஆம் செல் என்று வந்தால் கசிவு பேக்கில் இல்லை, வெளியே கேபிளிலோ சார்ஜரிலோ மோட்டாரிலோ இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி அளங்கள். பிரஷ் வைத்த டிசி மோட்டார் என்றால் உள்ளே கார்பன் தூள் படிந்திருக்கும், காய்ந்த காற்றால் ஊதி எடுங்கள்.

வேகம் எடுக்கும்போது பவர் அறுந்து போகிறது

மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை, மேட்டில் அழுத்தினால் பட்டென்று செத்துப்போகிறது. செல்களைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் ஏதோ ஒரு செல் 2.5 வோல்ட்டைத் தொட்டதாகப் பார்த்து வெட்டுகிறது. கேள்வி என்னவென்றால், செல் உண்மையிலேயே பலவீனமா, இல்லை இணைப்பு தளர்வா. 400 ஆம்பியர் போகும் இணைப்பில் வெறும் 1 மில்லி ஓம் இருந்தாலும் 0.4 வோல்ட் விழும், அங்கே 160 வாட் சூடு பிறக்கும், ஒரு சின்ன சால்டரிங் இரும்பைவிட அதிகம். பிஎம்எஸ் அளவு வயர் பஸ்பாரின் தவறான பக்கத்தில் மாட்டியிருந்தால் அந்த 0.4 வோல்ட்டும் செல்லின் தலையில் எழுதப்படும்.

அழுத்தி ஓட்டியதும் நிறுத்தி, வெப்பநிலை மீட்டரால் ஒவ்வொரு முனையையும் பாருங்கள். ஒன்று மட்டும் பக்கத்து முனைகளைவிடச் சூடாக இருந்தால் இணைப்புதான். கழற்றி, அலுமினிய முனையை மெல்லிய உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்து, உடனே செல் தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவில் முடுக்குங்கள், அலுமினியம் காற்றில் நின்றால் சற்று நேரத்தில் மறுபடி படலம் போட்டுவிடும். சூடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்து, ஒரு செல் மட்டும் தொடர்ந்து முதலில் இறங்கினால் அந்தச் செல்லை மாற்ற வேண்டியதுதான்.

சார்ஜ் ஏறவில்லை

சார்ஜ் வயர் செருகும் வாசல் ஜே1772 அல்லது டைப் 2 வகை என்றால் சார்ஜிங் நிலையம், வண்டியோடு பேசும் பைலட் வயரில் 12 வோல்ட் வைத்துக் காத்திருக்கும். வண்டி செருகப்பட்டதும் அது 9 ஆக வேண்டும், வண்டி "தயார்" என்றதும் 6. உங்கள் பக்கத்தில் அதைச் செய்வது ஒரு டயோடும் 2.74 கிலோ ஓம் ரெசிஸ்டரும், தயார் என்னும்போது அதற்கு இணையாகச் சேரும் 1.3 கிலோ ஓமும். டயோடை விட்டுவிட்டால் பல நிலையங்கள் சார்ஜ் தர மறுக்கும். நிலையம் துடிப்பு அனுப்ப ஆரம்பித்ததும் சாதாரண மீட்டர் சராசரியைத்தான் காட்டும், 16 ஆம்பியர் நிலையத்தில் மைனஸ் 6, மைனஸ் 7 என்று வரும், அது சரியான அளவுதான்.

இங்கேயும் அதே ஃபைபர் கிளாஸ் கதை. பைலட் சிக்னல் எர்த் முனையை வைத்துத்தான் அளக்கப்படுகிறது. வாசலை ஃபைபரில் பொருத்தி, எர்த் வயரைச் சார்ஜருக்கு மட்டும் கொண்டுபோய், சேசிஸில் சேர்க்காமல் விட்டிருந்தால் வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பைலட்டே தெரியாது. அதைவிட முக்கியம், சார்ஜ் ஆகும்போது சார்ஜருக்குள் ஏதாவது கெட்டால் சேசிஸில் மின்சாரம் நிற்கும், தொடுபவரைக் காக்க ஒன்றும் இருக்காது. வாசலின் எர்த் முனைக்கும் சேசிஸுக்கும் நடுவே 0.1 ஓமுக்கு மேல் இருக்கக் கூடாது.

குளிரில் மட்டும் சார்ஜ் ஏற மறுத்தால் பிஎம்எஸ் சரியாக வேலை செய்கிறது. எல்எஃப்பி செல்லை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும்.

எதிர்பார்த்த தூரம் வரவில்லை

பக்கி காற்றைக் கிழிக்கும் வடிவம் இல்லை. காற்றுத் தடைக்காகச் செலவாகும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 80ல் போவதை 60க்குக் குறைத்தால் அந்தப் பங்கு 44 சதவீதம் குறையும். மற்றபடி சமதரையில் நியூட்ரலில் உருட்டிப் பாருங்கள், சீக்கிரம் நின்றால் டிரம் பிரேக் ஒட்டுகிறது, அல்லது முன்சக்கர டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) தவறு. பேட்டரி ஏற்றியதும் வண்டியின் உயரம் மாறியிருக்கும், அதோடு டோ-இன்னும் மாறியிருக்கும்.

நன்றாக ஓடுகிறது, ஆய்வில் மட்டும் தேறவில்லை

விதி ஊருக்கு ஊர் வேறு, ஆகவே மாற்றம் தொடங்கும் முன்பே உங்கள் பதிவு அலுவலகத்தின் பட்டியலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஆனால் பக்கிகள் தவறுவது கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒரே சில விஷயங்களில்தான்.

வேகமானி. பீட்டிலில் இதன் கேபிள் இடது முன்சக்கரத்தின் கிரீஸ் மூடியிலிருந்து வருகிறது. டயர் அளவு மாறியதும் அளவு தவறும். ஐ.நா.வின் ஆர் 39 விதிப்படி அது உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக் கூடாது, கூடுதலாகக் காட்டலாம், உண்மை வேகம் 60 என்றால் 70 வரை. பெரிய டயர் போட்டால் குறைவாகக் காட்டும், அங்கேயே தோல்வி. ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிரேக் விளக்கு. ரீஜென் பலமாக வைத்திருந்தால், பெடலைத் தொடாமலே வண்டி வேகம் குறைகிறது, பின்னால் வருபவருக்குத் தெரியாது. கார்களுக்கான ஆர் 13-எச் விதியில் வேகக் குறைப்பு நொடிக்கு நொடி 1.3 மீட்டரைத் தாண்டினால் விளக்கு எரிய வேண்டும், 0.7 அல்லது அதற்குக் கீழே எரியக் கூடாது. கன்ட்ரோலரில் இதற்கென்று ஒரு வெளியீடு இருந்தால் ரிலே வழியாக விளக்கில் சேருங்கள், இல்லாவிட்டால் ரீஜெனைக் குறையுங்கள்.

பிரேக். பழைய பீட்டில்களில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்றுதான், ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் போச்சு. இரட்டைச் சுற்றுக்கு மாறுங்கள், யாரும் கேட்காவிட்டாலும் மாறுங்கள். பேட்டரி முழுவதையும் பின்னால் வைத்தால் ஏற்கெனவே இலேசான மூக்கு இன்னும் இலேசாகும், ஈரச் சாலையில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. பழைய பெட்ரோல் டேங்க் இருந்த முன்பக்க இடத்தில் பேக்கின் ஒரு பகுதியை வைத்தால் பெரிதும் சரியாகும். நான்கு மூலையையும் தனித்தனியாக எடை போட்டு எழுதி வையுங்கள், ஆய்விலும் கேட்பார்கள்.

சீட் பெல்ட்டின் பிடிமானம் ஃபைபரில் இருக்கக் கூடாது, சேசிஸிலோ ரோல் பாரிலோதான். மட்கார்டு டயரின் அகலம் முழுவதையும் மூட வேண்டும். வெளியே தெரியும் உயர் மின்னழுத்தக் கேபிள் எல்லாம் ஆரஞ்சு நிற உறையில், பெட்டிகளின் மேல் மின்னல் குறி. கறுப்புக் கேபிளின் மேல் ஆரஞ்சு டேப் சுற்றினால் சிலர் ஏற்கிறார்கள், சிலர் ஏற்பதில்லை. ஆரஞ்சு நெளிகுழாய்க்குள் விட்டுவிடுவது நல்லது, கல்லடியையும் அது தாங்கும். 20 கி.மீ. வேகம் வரை நடந்து போகிறவர்களுக்குக் கேட்கும் ஒலிக்கருவியையும் சில இடங்களில் கேட்பார்கள்.

கடைசியாக சேசிஸ் எண். பீட்டிலில் அது பின் இருக்கைக்கு அடியில், நடு சுரங்கத்தின் மேல் குத்தப்பட்டிருக்கும். பேட்டரிப் பெட்டி வைக்க எல்லாரும் தேர்ந்தெடுப்பதும் அதே இடம். ஆய்வாளரால் எண்ணைப் படிக்க முடியாவிட்டால் மற்ற எதையும் பார்க்காமல் திருப்பி அனுப்புவார். பெட்டியை வெல்டு செய்வதற்கு முன் அந்த எண்ணுக்கு நேரே உள்ளங்கை அளவு வெட்டு ஒன்று விட்டு, இரண்டு ஸ்க்ரூவில் கழலும் மூடி போட்டு, எண்ணின் மேல் துரு பிடிக்காமல் கொஞ்சம் கிரீஸ் தடவி வையுங்கள்.